பிரிக்கும் குழாய்

தார்ச்சாலை தொடங்கிய இடத்தில்தான் தெரிந்தது.
அதுவரை நூற்றிருபது கிலோமீட்டர் சரளை.
சரளை பொறுத்துக்கொள்ளும்:
சக்கரம் கொஞ்சம் முரண்டினால் கல் நகர்ந்து வழிவிடும்,
கணக்கு அங்கங்கே தீர்ந்துவிடும்.
தார் அப்படியில்லை.

செர்ரோ காஸ்தில்யோ ஊர் எல்லை, முதல் வளைவு.
முன்சக்கரங்கள் கிறீச்சிட்டன.
ஸ்டியரிங் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.
பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல்
மிட்சுபிஷி முக்கியது.

கியருக்குப் பக்கத்துக் குட்டை நெம்புகோல்
இரண்டு சக்கரத்தில்தான் இருந்தது.
நானே தள்ளினேன், இரண்டு முறை.
டேஷ்போர்டில் மட்டும் முன்சக்கரப் பச்சை விளக்குகள்
சிமிட்டிக்கொண்டே இருந்தன,
செருப்பை மாட்டிய பிறகும்
வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி.

பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி,
அதில் போடாமல் மிஞ்சிய ஆட்டுத் தடுப்பூசி.
நாலு மணிக்குள் கொய்ஐக்கே போய்ச் சேரவேண்டும்.

"பின்னால் எடு," என்றாள் ஒத்தீலியா.
பத்து மீட்டர் எடுத்தேன்.
"இடது ஒடி. வலது ஒடி."
ஒடித்தேன்.
விளக்கு சிமிட்டியது.

விறகு லாரியை நிறுத்தி இறங்கிய செல்சோ
குனிந்து பார்த்தான், துப்பினான்,
ஒரு சுத்தியலை நீட்டினான்.
அவனிடம் எல்லா நோய்க்கும் அந்த ஒரு மருந்து.
மூன்று அடி அடித்தோம், மரியாதைக்கு.

பிறகு ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைத் தூக்கினோம்.
தரையை விட்ட கணத்தில்
யாரும் தொடாமலே
சக்கரம் கால் சுற்று திரும்பி நின்றது,
படக்கென்று.
வளைவுக்கு வளைவு முன்னச்சும் பின்னச்சும்
வேறு வேறு தூரம் ஓடியிருக்கின்றன.
அந்த வித்தியாசத்தை இறக்கிவைக்க இடமில்லாமல்
இரும்பு அதைத் தனக்குள்ளேயே முறுக்கி வைத்திருந்தது.

எனக்கு ஏதோ தோன்றியது.
"சில மனிதர்களும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன்.
"டார்ச்சைப் பிடி, ரோசமெல்," என்றாள்.

பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டு
கன்றின் கால் எது, தலை எது என்று சொல்கிறவள்.
அதே கை இப்போது பேட்டரிக்குப் பின்னால் போயிற்று,
அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு.

அங்கே இரண்டு ரப்பர் குழாய்கள்.
ஒன்று அச்சைச் சேர்க்க, ஒன்று பிரிக்க.
சேர்க்கும் குழாய் புதிதுபோல் வளைந்தது.
பிரிக்கும் குழாயில்
அமிலம் பட்டு வெளுத்த இடத்தில்
நகக்கண் அளவு வெடிப்பு.

ஆறு குளிர்காலமாக இந்த வண்டியை வைத்திருக்கிறேன்.
வாங்கிய அன்று சேற்றில் இறக்கி
நாலும் பிடிக்கிறதா என்று பார்த்தேன்.
விடுகிறதா என்று பார்க்கவில்லை.

குழாயின் நல்ல முனையை வாயில் வைத்து
அவள் உறிஞ்சினாள்,
மாத்தே உறிஞ்சும்போது விழும் அதே கன்னக்குழியோடு.
கீழே, இரும்புக்குள், எங்கேயோ
டக்.

செல்சோ சுத்தியலை எடுத்துப் பின்பக்கம் மறைத்துக்கொண்டான்.

ஊசியின் பிளாஸ்டிக் மூடியை இருபுறமும் நறுக்கினாள்.
வெடித்த துண்டை வெட்டி எறிந்தாள்,
மூடியை நடுவில் செருகி
கிடாவின் கொம்புக் காயத்துக்குக் கொண்டுவந்த பிளாஸ்திரியால்
சுற்றினாள்.
எச்சில் துப்பினாள். டீசல், என்றாள், பழைய டீசல்.

அடுத்த வளைவு.
ஸ்டியரிங் திரும்பி, தானாகவே நேரானது.
சத்தம் இல்லை என்பதை இருவரும் கேட்டோம்.
ஓடையில் பனி உருகிப் போகும் அக்டோபர்,
லெங்கா மரங்களில் இலை இன்னும் வரவில்லை,
பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.
"அதன் சுவிட்சும் போயிருக்கும்," என்றாள்.
"கையை நம்பு, விளக்கை விடு."
மிச்சப் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டினாள்.

கொஞ்ச தூரம் போனபின்,
"ம், சொல். சில மனிதர்களும்?"

எனக்கு மறந்துபோயிருந்தது.
மணி மூன்று இருபது.
கையைப் பின்னால் நீட்டி ஐஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.